ஒட்டி எழுதினர், எட்ட நிறுத்தினர்!

பாகூருக்கு அருகே ஒரு சிற்றூரில், பகலெல்லாம் நாற்று நட்டுக் களைத்த தாய்மார்கள் மாலையில் கூடி எழுத்துப் பயிலும் வகுப்பு ஒன்று உண்டு. அங்கே கற்பிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. ஐம்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர், ஆறே திங்களில் எழுத்தெல்லாம் அறிந்தவர், ஒருநாள் செய்தித்தாளை விரித்து வைத்தார், விரலை எழுத்தின்மேல் ஊன்றினார், உரக்கப் படித்தார். "விவசாயத் தொழிலா?" என்றார். நிறுத்தினார். நம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"தொழில் இல்லாம வேற என்னவாம், வாத்தியாரே? இதையுமா கேப்பாங்க?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். செய்தித்தாளை வாங்கிப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிற்று. அவர் படித்ததில் ஓர் எழுத்தும் பிழையில்லை. "தொழிலாளர்களுக்கு" என்ற சொல், பத்தியின் ஓரத்தில் இடம் போதாமல் இரண்டாக முறிந்து கிடந்தது. முதல் வரி "தொழிலா" என்று நின்றது. அடுத்த வரி "ளர்களுக்கு" என்று தொடங்கிற்று. முறிந்த இடத்தில் அடையாளம் ஏதும் இல்லை. விளக்கிச் சொன்னோம். அம்மையார் அமைதியடையவில்லை. "இன்னும் முடியலன்னு அவன் ஒரு குறி காட்ட வேணாமா?" என்று கேட்டார்.

வேண்டும்தான். காட்டவில்லையே, ஏன்? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு போனால், அது நம்மைச் செய்தித்தாளோடு விடவில்லை. அச்சுக்கூடத்துக்கு அழைத்துச் சென்றது. ஓலைச்சுவடிக்கு இட்டுச் சென்றது. கடைசியில் அதே பாகூரின் செப்பேட்டின் முன் கொண்டுவந்து நிறுத்திற்று.

முதலில் ஆங்கிலேயன் செய்ததைப் பார்ப்போம். கல்லூரியில் நாம் புரட்டிய பழைய ஆங்கில நூல்களில் வரிக்கு வரி சொற்கள் முறிந்து கிடக்கும். ஆனால் முறிந்த இடந்தோறும் ஒரு சிறு கோடு நிற்கும். ஹைபன் என்பார்கள். "பொறு, சொல் இன்னும் முடியவில்லை, கீழே வா" என்று படிப்பவனின் கையைப் பிடித்து அழைக்கும் கோடு அது. செர்மனி நாட்டு கூட்டன்பர்க் 1455ஆம் ஆண்டளவில் அச்சிட்டு முடித்த நாற்பத்திரண்டு வரி விவிலியத்திலேயே இக்கோடு உண்டு. அவர் இரட்டைக் கோடாகச் சாய்த்துப் போட்டார். இன்று, நாளை என்பதற்கான ஆங்கிலச் சொற்களைக்கூடப் பழைய நூல்கள் "டு-டே", "டு-மாரோ" என்று நடுவில் கோடிட்டே அச்சிட்டன. இரு சொல்லாக இருந்தவை கோட்டால் கைகோத்து, இருபதாம் நூற்றாண்டில் கோட்டையும் உதறிவிட்டு ஒரே சொல்லாயின. எங்கே வெட்டுவது என்பதற்கும் அவர்களிடம் சட்டம் உண்டு, சண்டையும் உண்டு. அமெரிக்கா விடுதலை பெற்ற 1783ஆம் ஆண்டிலேயே நோவா வெப்ஸ்டர் என்ற பள்ளியாசிரியர் ஓர் எழுத்துப் பாடநூல் வெளியிட்டார். பழைய இலக்கணிகள் வெட்டிய முறையை விட்டு, குழந்தையின் வாய் ஒலிக்கும் இடத்தில் சொல்லைப் பிரித்துக் காட்டினார். புதிய குடியரசின் பிள்ளைகள் பண்டிதனின் துணையின்றிப் படிக்கவேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

அப்படியானால் ஐரோப்பியன் பிறவியிலேயே தாராள மனத்தினனோ என்றால், அன்று. பழைய உரோமாபுரியில் இலத்தீன் நூல்களைச் சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல் ஒரே கோவையாகவே எழுதினர். சீமான்களுக்கு அதனால் தொல்லை இல்லை. படித்துச் சொல்ல அவர்களிடம் அடிமைகள் இருந்தனர். சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதும் வழக்கத்தை நிலைநாட்டியவர்கள் ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அயர்லாந்துத் துறவிகள். காரணம் எளிது. இலத்தீன் அவர்களுக்குத் தாய்மொழி அன்று, கற்றுக்கொண்ட மொழி. ஒட்டிக் கிடந்ததைப் பிரித்தால்தான் அவர்களுக்குப் புரிந்தது. ஆக, சொல்லிடை வெளி என்பது அறிந்தவன் வழங்கிய கொடையன்று. அறியாதவன் தன் தேவைக்காக உண்டாக்கிக்கொண்டது. பின்னால் சொல்லப்போவதற்கு இது வேண்டும். நினைவில் வைத்திருங்கள், தோழர்களே.

இனி நம் பாகூர். 1879ஆம் ஆண்டில் இவ்வூரில் செப்பேட்டுத் தொகுதி ஒன்று கிடைத்தது. வளையத்தில் கோத்த ஐந்து ஏடுகள். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டவை. நிலைதாங்கி என்னும் தலைவனின் வேண்டுகோளை ஏற்று, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்று ஊர்களை மன்னன் பாகூர் வித்தியாஸ்தானத்தாருக்கு அளித்தான் என்பது செய்தி. கல்விக்கு மூன்று ஊர்! வரலாற்று நூல்கள் இதைப் பல்லவர் காலக் கல்விப் பெருமை என்று பாராட்டுகின்றன. பாராட்டட்டும். அங்கே ஓதப்பட்டது வேதமும் அதன் சார்பு நூல்களும், ஓதியவர் அந்தணர். மூன்று ஊர்களில் ஏர் பிடித்தவன் பிள்ளை அந்தக் கல்விச்சாலையின் எந்தப் படியில் நின்றான் என்று செப்பேடு சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டிய தேவையும் வெட்டியவர்களுக்கு இல்லை.

அதன் எழுத்தைப் பாருங்கள். வடமொழிச் செய்யுள் கிரந்தத்தில். தமிழ்ப் பகுதி தமிழில். இரண்டுக்கும் நடை ஒன்று: தொடங்கினால் ஓரம் வரை ஓட்டம். சொல் பாதியில் நின்றாலும் கவலையில்லை. மறு பாதி அடுத்த வரியில். பாகூர் மூலநாதர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகளைக் காண்போரும் இதையே காண்பர். புதுச்சேரிப் பகுதியின் கல்வெட்டுகளை ஊர் ஊராகத் திரட்டிய பாகூர் குப்புசாமி அவர்களின் தொகுப்பு 2006ஆம் ஆண்டு முதல் நூலாக வெளிவந்தது. கல்லில் ஒட்டிக் கிடந்ததைப் பிரித்து வாசித்து நம் கையில் தருவது எத்தகைய உழைப்பு என்பதை அந்த நூலைப் புரட்டினால் உணரலாம்.

கல்லும் செம்பும் அரசனுடையவை. ஓலை பலரிடமும் இருந்ததே என்பர். இருந்தது. ஆனால் ஓலையில் மற்றொரு சுவர். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏடெழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. குத்தினால் ஓலை பொத்தலாகும். குறில் எகர ஒகரத்துக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டவில்லை. காலும் ரகரமும் ஒரே உருவம். கொம்பு ஒன்று, ககரம் ஒன்று, கால் ஒன்று, லகரம் ஒன்று என எழுதியிருக்கிறது என்று வையுங்கள். அது "கொல்" ஆகலாம்; "கோல்" ஆகலாம்; "கொல" ஆகலாம்; காலை ரகரமாகக் கொண்டால் வேறொன்றும் ஆகலாம். கொலையா, செங்கோலா என்பதை ஏடு சொல்லாது, ஆசிரியர்தான் சொல்வார். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ஓலையில் வெற்றிடம் ஒன்றே ஒன்று உண்டு. அது கயிறு நுழையும் துளையைச் சுற்றி விட்ட இடம். கயிறு போக வழி விட்டனர். கண் போக வழி விடவில்லை. அந்தத் துளையும் பல இடங்களில் ஒரு சொல்லின் நடுவயிற்றில்தான் விழும்!

இதைச் சதி என்று நாம் சொல்லமாட்டோம். உணர்ச்சிக்காக உண்மையை வளைப்பது பகுத்தறிவாளர் வேலையன்று. பனையோலை குறுகியது, எழுத்தாணி கூரியது, ஏடெழுதுவது முதுகொடியும் உழைப்பு. இடத்தைச் சிக்கனப்படுத்தினார்கள், அவ்வளவே. ஆனால் இந்தக் குறையின் பயன் யாருக்குப் போயிற்று என்று கேட்காமல் இருக்கமுடியுமா? ஆசிரியனிடம் அமர்ந்து பாடம் கேட்டவன் மட்டுமே ஏட்டைப் படிக்கமுடியும். அமர இடம் பெற்றவன் இன்ன சாதி, இன்ன பால் என்று ஊர் முன்பே முடிவு செய்திருந்தது. எழுத்தைத் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்ட ஒருவன் உண்டென்றாலும், ஏட்டைத் தனியே திறந்தால் அவனுக்கு அது மூடிய கதவுதான். படித்தவர்களே திணறினர். 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளையும், அதே ஆண்டில் சீவக சிந்தாமணியைக் கொணர்ந்த உ.வே. சாமிநாதையரும் ஏடுகளோடு பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. எது மூலம், எது உரை என்று பிரிப்பதே அவர்களுக்குப் பெரும்பாடாயிற்று. பெரும்புலவர்க்கே இந்த நிலை எனில், கூழுக்கு உழைத்தவன் கதி என்ன?

தாள் வந்தது, அச்சு வந்தது. 1554ஆம் ஆண்டு லிசுபன் நகரில் தமிழை இலத்தீன் எழுத்தில் அச்சிட்டனர். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" தமிழ் எழுத்திலேயே, பதினாறு பக்கங்களில் வெளிவந்தது. அன்ட்ரிக் அடிகளார் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் ஆக்கியது. 1715இல் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்தார். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் (1680-1747) கொம்பைச் சுழித்து ஏகார ஓகார நெடிலுக்கு வடிவம் தந்தார். இப்போது அந்த அயர்லாந்துத் துறவிகளை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். தமிழ் எழுத்தைத் தெளிவாக்க முனைந்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள், தமிழைப் பிற்காலத்தில் முயன்று கற்ற அயலார். அவர்களின் சமயப் பரப்புரை நமக்கு வேண்டுவதன்று. ஆனால் கற்பவனின் இடர்ப்பாட்டைத் தாமே பட்டு அறிந்தவர்கள் அவர்கள். நம் பண்டிதருக்கு அந்த இடர்ப்பாடு இளமையிலேயே மறந்துபோயிற்று.

நம் புதுவைக்கு இக்கதையில் ஒரு பங்கு உண்டு, கசப்பான பங்கு. 1761 சனவரியில் ஆங்கிலத் தளபதி கூட் புதுச்சேரியைப் பிடித்தபோது, கைப்பற்றிய பொருள்களில் ஓர் அச்சுப்பொறியும் இருந்தது. அது சென்னைக்குச் சென்று, வேப்பேரியில் இருந்த பெப்ரிசியுசு பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டுத் தமிழ் நூல்களை அச்சிட்டது. இருபத்தைந்து ஆண்டு நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்ததும் அதே சனவரியில்தான். ஒரு பெரு நாட்குறிப்பு தன் ஆசிரியரை இழந்தது. ஓர் அச்சுப்பொறி ஊரைவிட்டே போயிற்று. பின்னர்ப் புதுவையில் மறைத்தூதர்களின் அச்சகம் எழுந்தது. மூசே, துப்புய் என்னும் பாதிரிமார் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் இரு பகுதிகளாக அங்கே அச்சாயிற்று. சொல்லைச் சொல்லாகப் பிரித்து வரிசையில் நிறுத்துவதுதானே அகராதி!

வருந்தவேண்டிய இடம் இனித்தான் வருகிறது. ஓலை போன பின்னும் ஓலையின் பழக்கம் போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான செய்யுள் நூல்கள் பலவற்றில், தாள் அகலமாக இருந்தும், எழுத்துகள் நெருக்கியடித்து ஒரே ஓட்டமாக ஓடின. இடம் இல்லாமையால் அன்று, மனம் இல்லாமையால்! சந்தி பிரித்தால் தமிழின் ஓசை கெடும், இலக்கணம் குன்றும் என்றனர் புலவர். ஆறுமுக நாவலர் (1822-1879) உரைநடையில் நிறுத்தக் குறிகளைப் பரவலாகக் கையாண்டார். படிப்பவர் மூச்சு விட இடம் தந்தார். அவருடைய சைவமும் சாதிப்பற்றும் நமக்கு உடன்பாடல்ல. எனினும் இந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து, நிறுத்தக் குறி இட்டு, ஒரு ரூபாய்க்கு ஒரு நூல் எனச் சாதாரண மக்கள் கைக்குத் தந்தவர் சென்னை மர்ரே நிறுவனத்து எஸ். ராஜம். அதற்கு 1950களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கொல்லத்து அச்சுக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ முந்நூற்றெண்பது ஆண்டுகள்!

பள்ளியில் நாம் அன்றாடம் காணும் ஒன்றைச் சொல்லவேண்டும். செய்யுளைச் சீர் பிரித்து அச்சிடுவது மரபு. சீரின் அளவுக்காகச் சொல் நடுவே வெட்டுண்டால் அதற்கு "வகையுளி" என்று பெயர். உளி என்று பொருத்தமாகவே பெயர் வைத்தார்கள்! திருக்குறளில் கல்வி அதிகாரத்தில் "கல்லாதவர்" என்ற சொல் இவ்வாறே "கல்லா தவர்" என இரண்டாக அச்சாகி நிற்கும். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "கல்லான்னா கடையில பணம் போடுற பெட்டிதானே, சார்?" என்று கேட்டான். அவன்மேல் குற்றமில்லை. கல்லாதவரைப் பற்றிய சொல்லையே கற்க வருபவன் படிக்கமுடியாதபடி வெட்டி வைத்திருக்கிறோம்! சீர் தெரியவேண்டாமா என்பீர்கள். தெரியட்டும், பாடுவதற்குச் சீர் வேண்டும். சீர் பிரித்த வடிவம் மேலே இருக்க, சொல் பிரித்த வடிவம் கீழே இருந்தால் யாருடைய சொத்துக் குறைந்துவிடும்?

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். வரி ஓரத்தில் முறியும் சொல்லுக்குத் தமிழ் அச்சகம் கோடு போடாதது ஏன்? அதற்கு ஓரளவு நியாயமும் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்து வேறு, ஒலி வேறு. தப்பான இடத்தில் வெட்டினால் உச்சரிப்பே மாறிப்போகும். ஆகவே அவனுக்கு விதியும் கோடும் தேவைப்பட்டன. தமிழில் ஒவ்வோர் உயிர்மெய்யும் தனித்து ஒலிக்கும். எங்கே வெட்டினாலும் வாய் தடுக்காது. புள்ளி எழுத்து வரியின் தொடக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அச்சுக் கோப்பவர் அமைந்துவிட்டார். வாய் தடுக்கவில்லை, சரி. பொருள்? "சாதிப்போம்" என்ற சொல்லைச் "சாதிப்" என்று நிறுத்தி, "போம்" என்று கீழே போட்டிருந்த சுவரொட்டி ஒன்றை வில்லியனூரில் பார்த்தோம். சாதி போம் என்று யாராவது படித்திருந்தால், அந்தப் பிழை மட்டும் பலிக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு வந்தோம்!

1935 சனவரியில் தந்தை பெரியார் "குடிஅரசு" ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கியபோது, ணை, லை, றா போன்றவற்றின் விலக்கான வடிவங்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். கற்பவனுக்கும் அச்சுக் கோப்பவனுக்கும் சுமை குறையவேண்டும் என்பதே அவர் வாதம். எழுத்தைப் புனிதம் என்று கும்பிடாமல் கருவி என்று கையில் எடுத்தார். தமிழ்நாட்டு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978இல். நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து. எழுத்து சீரடைந்தது. வரி ஓரம் அப்படியே இருந்தது.

அதன் விலையை இன்று நாமே கொடுக்கிறோம். 1925இல் தொடங்கிய "குடிஅரசு", 1930இல் இங்கே தோன்றிய "புதுவை முரசு" போன்ற பழைய இதழ்களைப் படமெடுத்து, கணினியில் எழுத்தாக மாற்றி, வேண்டிய சொல்லைத் தட்டினால் தேடித் தரும் வசதி வந்துவிட்டது. "சுயமரியாதை" என்று தேடுகிறோம். அது ஒரு வரியில் "சுயம" என்றும் மறுவரியில் "ரியாதை" என்றும் முறிந்திருந்தால் இயந்திரம் அதைக் காணாமல் கடந்துவிடக்கூடும். ஆங்கில நூலில் கோடு இருப்பதால் இரண்டு துண்டையும் ஒட்டிக்கொள்ள அதற்கு ஒரு துப்பு உண்டு. நம் ஏட்டில் வரியின் ஓரத்தில் இருப்பது முழுச் சொல்லா, அரைச் சொல்லா என்று அறிய அதற்கு அந்த வழி இல்லை. ஆகவே இயக்க வரலாற்றை ஆராயும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இயந்திரம் "இல்லை" என்று சொன்னதும் எழுந்துவிடாதீர்கள், சொல்லின் முற்பாதியை மட்டும் தட்டிப் பாருங்கள், பிற்பாதியை மட்டும் தட்டிப் பாருங்கள், அதன்பின் பக்கத்தைத் திறந்து கண்ணால் படியுங்கள். அன்று அச்சுக் கோத்த தோழர் இடம் போதாமல் முறித்து வைத்த சொல்லை எடுத்துப் பொருத்தும் வேலை நம்முடையது.

மாலை வகுப்புக்கென்று நாம் எழுதும் தாள்களில் இப்போது எந்தச் சொல்லையும் வரி ஓரத்தில் முறிப்பதில்லை. வலப்பக்கம் ஏற்ற இறக்கமாக, அழகில்லாமல் இருக்கிறது. இருக்கட்டும். செய்தித்தாள்காரரை நாம் திருத்தமுடியுமா? அதற்கும் அந்த அம்மையாரே வழி கண்டார். மறுவாரம் அவர் கொண்டுவந்த செய்தித்தாளின் முதற்பக்கத்தில், வரிகளின் ஓரத்தில், ஏழு இடங்களில் பென்சிலால் சிறு சிறு கோடுகள் இருந்தன. "முடியாததுக்கெல்லாம் நானே போட்டுட்டேன்" என்றார். ஏழையும் சரிபார்த்தோம். ஆறு சரியாக இருந்தன.